லேசான கயிறு, வழவழப்பான கப்பி: மெக்கானிக்ஸ் கணக்கில் எதை விடலாம், விட்டால் என்ன விலை

முதல் செமஸ்டரில் எனக்கு எஞ்சினியரிங் மெக்கானிக்ஸில் அரியர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி, இயற்பியலில் நல்ல மதிப்பெண். அதனால் ரிசல்ட்டை நம்பவே முடியவில்லை. பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தேன். கூட்டல், பெருக்கல் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று இடங்களில் சிவப்பு மையில் வெறும் கேள்விக்குறி. முதல் இடத்தில் நான் எழுதியிருந்தது: ‘கப்பியின் இரு பக்கமும் இழுவிசை சமம்.’ வினாத்தாளை எடுத்துப் பார்த்தால் அந்தக் கப்பிக்கு 8 கிலோ நிறை என்று கொடுத்திருக்கிறார்கள். நான் கவனிக்கவே இல்லை.

லைட், ஸ்மூத், யூனிஃபார்ம், ரிஜிட் போன்ற சொற்களை எல்லாம் நான் வினாவுக்குப் போட்ட ஜோடனை என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். உண்மையில் அவை ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சமன்பாடு இருக்கிறது. ஒவ்வொன்றும் நிஜ உலகின் ஏதோ ஒன்றைக் கணக்கிலிருந்து வெளியே தள்ளுகிறது. தள்ளுவதற்கு ஒரு விலையும் உண்டு, அந்த விலையை நாமே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பதினொன்றாம் வகுப்பு, பாலிடெக்னிக், பொறியியல் முதலாண்டு என்று எங்கே இருந்தாலும் சரி, எனக்கு ஆறு மாதம் பிடித்ததை உங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு நாளில் முடித்துத் தரத்தான் இதை எழுதுகிறேன்.

என்னென்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

கடந்த ஐந்து ஆண்டு வினாத்தாள்களின் ஜெராக்ஸ், விடைக்குறிப்பு கிடைத்தால் அதுவும், ஒரு 80 பக்க நோட்டு. இவை கட்டாயம்.

பரிசோதனைக்கு: இரும்புக்கடையில் ஒரு சின்ன கப்பி (நான் 60 ரூபாய்க்கு வாங்கினேன்), 20 ரூபாய்க்கு நைலான் நூல், இரண்டு தண்ணீர் பாட்டில், வீடியோ எடுக்க மொபைல். சமையலறை டிஜிட்டல் தராசு 350 ரூபாய் ஆனது. அதை வாங்க வேண்டாம் என்றால் தெரிந்த மளிகைக் கடையில் கேளுங்கள், எடை போட்டுத் தருவார்கள்.

நேரம்: தினம் ஒரு மணி வீதம் பத்து நாள், பரிசோதனைக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை. பரிசோதனையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இந்தப் பாடம் எனக்கு மண்டையில் ஏறியது அங்கேதான்.

1. வினாவில் உள்ள அடைமொழிகளுக்கு அடிக்கோடு போடுங்கள்

ஐந்து ஆண்டுத் தாள்களையும் பரப்பி வைத்துக்கொண்டு, கணக்கே போடாமல், அடைமொழிகளை மட்டும் பென்சிலால் கோடிடுங்கள். திரும்பத் திரும்ப வருவது பத்துச் சொற்கள்தான். நோட்டில் நான்கு பத்தி போட்டு எழுதுங்கள்: சொல், அது எதைக் கணக்கிலிருந்து தள்ளுகிறது, அதனால் என்ன சமன்பாடு கிடைக்கிறது, அது பொய்த்தால் என்ன மாறும்.

தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வினாத்தாளைப் பார்ப்பவர்களுக்காக:

‘லைட்’ என்றால் கனம் குறைவு என்று பொருளல்ல. நிறை பூஜ்ஜியம். ‘இன்எக்ஸ்டென்சிபிள்’ என்றால் எவ்வளவு இழுத்தாலும் நீளாதது. ‘ஸ்மூத்’ என்றால் உராய்வு பூஜ்ஜியம். ‘ரஃப்’ என்றால் உராய்வு உண்டு, அவ்வளவுதான், எவ்வளவு என்று அந்தச் சொல் சொல்லாது. ‘யூனிஃபார்ம்’ என்றால் நிறை எங்கும் சீராகப் பரவியிருக்கிறது. ‘ரிஜிட்’ என்றால் வளையாது, நசுங்காது. ‘பார்ட்டிகிள்’ என்றால் துகள்: நிறை உண்டு, நீள அகலம் கிடையாது. ‘லாமினா’ என்றால் தடிமனே இல்லாத தகடு.

இலங்கைப் பாடநூல்களோ காணொளிகளோ பார்த்துப் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே முடுக்கத்துக்கு ஆர்முடுகல், நிறைக்குத் திணிவு என்பார்கள். அதோடு போகவில்லை: நாம் எடை என்று சொல்வதை அவர்கள் ‘நிறை’ என்கிறார்கள். ஒரே சொல், இரண்டு பொருள். நானும் நண்பனும் இதற்காக ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டோம், இரண்டு பேர் சொன்னதும் சரி.

2. துகளா, பொருளா என்பதை முடிவு செய்யுங்கள்

சென்னையிலிருந்து மதுரைக்கு எவ்வளவு நேரம் என்ற கணக்கில் பேருந்து ஒரு புள்ளி. அதன் 12 மீட்டர் நீளம் 460 கிலோமீட்டருக்கு முன் ஒன்றுமே இல்லை. அதே பேருந்து கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் திரும்பும்போது கவிழுமா என்று கேட்டால் புள்ளி உதவாது. நிறை மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், சக்கரங்களுக்கு இடையே எவ்வளவு அகலம் என்று தெரிந்தாக வேண்டும். வழுக்குமா என்று மட்டும் கேட்டால் மறுபடி புள்ளி போதும்.

ஆக, பொருள் பெரிதா சிறிதா என்று பார்க்காதீர்கள். கேள்வி என்ன கேட்கிறது என்று பாருங்கள். துகள் கவிழாது, சுழலாது, உருளாது. இந்த மூன்றில் ஒன்று கேள்வியில் வந்தால் துகள் என்று எடுக்கக் கூடாது.

பெரும்பாலோர் விழும் குழி: சாய்தளத்தில் உருளும் கோலிக்குண்டு. கையில் அடங்குகிற சின்னப் பொருள்தானே என்று துகளாக்கிவிடுவோம். வழுக்கிக்கொண்டு இறங்கும் துகளுக்கு என்ன முடுக்கமோ, உருண்டு இறங்கும் திண்கோளத்துக்கு அதில் ஏழில் ஐந்து பங்குதான் கிடைக்கும். திண் உருளைக்கு மூன்றில் இரண்டு, மெல்லிய வளையத்துக்குச் சரிபாதி. மீதி ஆற்றல் சுழற்சிக்குப் போய்விடுகிறது. அதாவது கோலிக்குண்டைத் துகள் என்று எடுத்தால் உண்மையான முடுக்கத்தைப் போல 1.4 மடங்கு விடை வரும். அது பொடியளவு குண்டாக இருந்தாலும் இதே கதைதான், ஆரம் கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறது.

ஊசலில் நிலைமை தலைகீழ். 2 சென்டிமீட்டர் ஆரமுள்ள குண்டை 1 மீட்டர் நூலில் தொங்கவிட்டுப் புள்ளி என்று எடுத்தால் அலைவு நேரத்தில் பிழை 0.01 சதவீதம்கூட இல்லை. நூலை 10 சென்டிமீட்டராகக் குறைத்தாலும் 0.8 சதவீதம்தான். அங்கே பயப்பட வேண்டியது வீச்சுக் கோணத்துக்கு: 10 டிகிரியில் பிழை 0.2 சதவீதம், 30 டிகிரியில் 1.7, 60 டிகிரியில் 7 சதவீதத்துக்கும் மேல்.

3. கயிறு, கப்பி: மூன்று சொல், மூன்று தனித்தனி வேலை

இதற்கு மூன்று நாள் ஒதுக்குங்கள். என் மூன்று கேள்விக்குறிகளில் இரண்டு இங்கே விழுந்தவை.

‘நிறையற்ற, நீளாத கயிறு வழவழப்பான கப்பியின் மேல் செல்கிறது’ என்ற வரியை எல்லோரும் ஒரே மூச்சில் படித்துவிட்டு, ‘ஆகவே இழுவிசை சமம், முடுக்கம் சமம்’ என்று எழுதுகிறோம். எது எதைத் தருகிறது என்று கேட்டால் முழிக்கிறோம்.

நீளாத கயிறு முடுக்கத்தைச் சமமாக்குகிறது. ஒரு பக்கம் 3 சென்டிமீட்டர் இறங்கினால் மறுபக்கம் 3 சென்டிமீட்டர் ஏறியே ஆக வேண்டும். கயிற்றுக்குப் பதில் ரப்பர் போட்டால் இது போய்விடும். இழுவிசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நிறையற்ற கயிறு, கயிற்றின் ஒரு நேரான பகுதி நெடுக இழுவிசையைச் சமமாக்குகிறது. கயிற்றில் ஒரு துண்டை எடுத்து நியூட்டனின் இரண்டாம் விதியைப் போடுங்கள்: இரு முனை இழுவிசைகளின் வித்தியாசம் = துண்டின் நிறை × முடுக்கம். நிறை பூஜ்ஜியம் என்றால் வித்தியாசமும் பூஜ்ஜியம். கயிறு செங்குத்தாகத் தொங்கினால் அதன் எடையும் இதில் சேரும், அதுவும் பூஜ்ஜியமாகிவிடுகிறது.

அச்சில் உராய்வில்லாத, நிறையற்ற கப்பி, கப்பியின் இந்தப் பக்க இழுவிசையையும் அந்தப் பக்க இழுவிசையையும் சமமாக்குகிறது. கப்பிக்கு நிறை இருந்தால் அதைச் சுழற்றவே ஒரு வித்தியாசம் தேவை. 8 கிலோ கப்பிக்கு நான் சமம் என்று எழுதியது இதனால்தான் தப்பு. கப்பி சுழலாமல் கயிறு அதன் மேல் வழுக்கும் கணக்கும் உண்டு. அங்கே கப்பியின் பரப்பு வழவழப்பாக இருந்தால் போதும், அதன் நிறை கணக்குக்கே வராது.

வீட்டில் கிணறு இருந்தால் இதைக் கையால் உணரலாம். எங்கள் கிணற்றுக் கயிறு 12 மீட்டர், காய்ந்த நிலையில் எடை போட்டால் கிட்டத்தட்ட 1 கிலோ. வாளியில் 10 லிட்டர் தண்ணீர். வாளி அடியில் இருக்கும்போது கயிற்றின் மேல்முனையில் உள்ள இழுவிசை, வாளியருகே உள்ளதைவிட ஏறக்குறைய 10 சதவீதம் அதிகம். வாளி மேலே வர வர இந்த வித்தியாசம் கரைந்துவிடும். ஆழ்கிணற்றில் நீர் இறைத்த பாட்டிகளைக் கேட்டால் ‘லேசான கயிறு’ என்பதற்கு வேறு விளக்கம் சொல்வார்கள்.

கப்பி இறுகிப்போய்ச் சுழலவில்லை என்றால் விலை இன்னும் ஏறும். உராய்வுக் குணகம் 0.3 உள்ள, சுழலாத உருளையில் கயிறு அரைச் சுற்றுப் போனால், வழுக்கும் தறுவாயில் ஒரு பக்க இழுவிசை மறுபக்கத்தைப் போல சுமார் 2.6 மடங்கு வரை போகலாம். முழுச் சுற்றுக்கு 6.6 மடங்கு. படகைக் கட்டும்போது கயிற்றைக் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிப்பது இந்தக் கணக்கை நம்பித்தான்.

அப்புறம், கயிறு இழுக்கும், தள்ளாது. விடையில் இழுவிசை எதிர்க்குறியில் வந்தால் கயிறு தொய்ந்துவிட்டது என்று பொருள், அதுவரை போட்ட சமன்பாடு செல்லாது. செங்குத்து வட்டக் கணக்கில் இது மதிப்பெண்ணைத் தின்னும்: குண்டு கயிற்றில் இருந்தால் முழு வட்டம் அடிக்க, அடியில் வேகத்தின் வர்க்கம் 5 × ஈர்ப்பு முடுக்கம் × நீளம் வேண்டும். நிறையற்ற கம்பியில் இருந்தால் 4 போதும், ஏனென்றால் கம்பி தள்ளவும் செய்யும்.

4. வழவழப்பு, சொரசொரப்பு

ஸ்மூத் என்று இருந்தால் தொடும் பரப்புக்குச் செங்குத்தாக மட்டுமே எதிர்விசை. படத்தில் ஒரே அம்புக்குறி. இதில் யாருக்கும் சிக்கல் வருவதில்லை.

சிக்கல் ரஃப் என்ற சொல்லில். பார்த்தவுடன் ‘உராய்வு = குணகம் × செங்குத்து விசை’ என்று எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். அது உராய்வு எட்டக்கூடிய உச்ச அளவு. தரையில் 5 கிலோ பெட்டி, குணகம் 0.4, உச்சம் 19.6 நியூட்டன். நீங்கள் 10 நியூட்டன் விசையால் இழுத்தால் உராய்வும் 10 நியூட்டன்தான். 19.6 என்று போட்டால் பெட்டி உங்களை எதிர்த்துப் பின்னால் நகர வேண்டும்! ‘நகரும் தறுவாயில்’ என்றோ ‘நகர்கிறது’ என்றோ வினாவில் இருந்தால் மட்டும் அந்தச் சமன்பாட்டைத் தொடுங்கள்.

5. கம்பி, ஏணி, மேசை, ட்ரஸ்

யூனிஃபார்ம் என்று இருந்தால் எடை நடுவில். அந்தச் சொல் இல்லையென்றால் எடை எங்கே என்று தெரியாது, அதையும் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

ஏணிக் கணக்கைப் பாருங்கள். சுவர் வழவழப்பு, தரையில் குணகம் 0.4, சீரான ஏணி. ஆள் இல்லாமல் வழுக்காமல் நிற்க, தரையோடு குறைந்தது 51 டிகிரி கோணம் வேண்டும். இப்போது ஏணியை நிறையற்றது என்று எடுத்து ஓர் ஆளை உச்சிப்படியில் ஏற்றுங்கள்: 68 டிகிரி ஆகிவிடும். ஏணி அதேதான், எதன் எடையை விட்டோம் என்பதில் 17 டிகிரி மாறிவிட்டது. அலுமினிய ஏணியில் ஏறுபவருக்கு உதவும் விடை இரண்டாவதுதான்.

ட்ரஸ் என்றால் கம்பிகளை முக்கோணம் முக்கோணமாக மூட்டிய சட்டகம், ஒவ்வொரு கம்பியும் ஓர் உறுப்பு. அந்தக் கணக்கில் நாம் மூச்சுவிடாமல் ஏற்றுக்கொள்ளும் அனுமானங்கள்: உறுப்புகளுக்கு எடை இல்லை, மூட்டுகளில் உராய்வில்லாத ஊசி, பாரம் மூட்டுகளில் மட்டும். இவை இருந்தால்தான் ஒவ்வோர் உறுப்பிலும் விசை அதன் நீளவாக்கில் மட்டும் செல்லும், அதாவது வெறும் இழுப்பு அல்லது அமுக்கம். உறுப்பின் நடுவில் ஒரு பாரத்தைத் தொங்கவிட்டிருந்தால் அது வளையவும் பார்க்கும், ஒவ்வொரு மூட்டாக எடுத்து விசைகளைச் சமன்செய்யும் மூட்டு முறை அந்த உறுப்புக்குச் செல்லாது. படத்தில் பாரம் எங்கே தொங்குகிறது என்று ஒரு முறை விரல் வைத்துப் பாருங்கள்.

ரிஜிட் என்ற அனுமானம் சில இடங்களில் கணக்கையே முடக்கிவிடும். நான்கு கால் மேசையில் ஒவ்வொரு காலிலும் எவ்வளவு பாரம்? தெரியாதவை நான்கு, நிலைச் சமநிலை தருவது மூன்றே சமன்பாடு. மேசை துளியும் வளையாது, தரை துளியும் அமுங்காது என்று பிடிவாதம் பிடித்தால் விடையே கிடைக்காது. முக்காலிக்குக் கிடைக்கும். இதை எங்கள் ஆசிரியரிடம் கேட்டேன், ‘சிலபஸில் இல்லை’ என்றார். அடுத்த ஆண்டு பொருள்களின் வலிமை பாடத்தில்தான் வழி பிறக்கிறது: கால் கொஞ்சம் அமுங்கும் என்று ஒத்துக்கொண்டால் நான்காவது சமன்பாடு வந்துவிடும்.

6. காற்று, ஈர்ப்பு

ஈர்ப்பு முடுக்கம் மாறாது என்று எடுப்பது ஏறக்குறைய இலவசம்: 10 கிலோமீட்டர் உயரத்தில்கூட 0.3 சதவீதம்தான் குறைகிறது. கைக்கு எளிது என்று 9.8-க்குப் பதில் 10 போட்டாலே 2 சதவீதம் போய்விடுகிறது, அதனால் அதைவிடச் சின்ன பிழைக்கு அழ வேண்டியதில்லை.

காற்று அப்படியல்ல. கிரிக்கெட் பந்தை 5 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் தரையைத் தொடும் நேரத்தில் காற்றுத்தடை அதன் எடையில் 7 சதவீதம் அளவுக்கு இருக்கும். அதே பந்து மணிக்கு 144 கிலோமீட்டரில் போனால் தடை பந்தின் எடையையே மிஞ்சிவிடும். வேகம் நான்கு மடங்கானால் தடை பதினாறு மடங்கு, அதனால்தான். வேகப்பந்து வீச்சைப் பரவளையம் என்று வரைவது வினாத்தாளில் மட்டும் நடக்கும்.

7. விலையைக் கணக்குப் போடுங்கள்

இனி ஞாயிற்றுக்கிழமை வேலை. பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி, பாட்டிலோடு சேர்த்து 500 கிராம், 400 கிராம் என்று எடை பார்த்து நூலின் இரு முனையில் கட்டினேன். பாடப்புத்தகக் கணக்குப்படி முடுக்கம் 0.1 × 9.8 ÷ 0.9 = 1.09. ஒரு மீட்டர் இறங்க 1.36 நொடி.

கையை எடுத்தேன். பாட்டில் நகரவே இல்லை.

புதுக் கப்பிதான், ஆனால் அச்சில் பெயின்ட் படிந்திருந்தது. அதைச் சுரண்டித் தையல் மெஷின் எண்ணெய் விட்டபின் ஓடியது. மொபைலில் வீடியோ எடுத்துப் பிரேம் எண்ணினேன். நொடிக்கு 30 பிரேம் என்பதால் பிழை மிகக் குறைவு. ஸ்டாப்வாட்ச் வேண்டாம், கட்டைவிரல் தாமதமே 0.2 நொடி. வந்தது 1.7 நொடி. முடுக்கம் 0.69.

1.09 எங்கே, 0.69 எங்கே? யார் தின்றது என்று ஒவ்வொன்றாகப் பிடித்தேன்.

நூல்: இரண்டு மீட்டர் நூல் 2 கிராம்கூட இல்லை. 900 கிராமுக்கு முன் 0.2 சதவீதம். குற்றவாளி இல்லை.

கப்பியின் நிறை: 200 கிராம். சீரான தட்டு என்று எடுத்தால் அதன் நிறையில் பாதி, 100 கிராம், நகரும் நிறையோடு சேர வேண்டும். 0.98 ÷ 1.0 = 0.98. ஆக ‘நிறையற்ற கப்பி’யின் விலை 10 சதவீதம்.

அச்சு உராய்வு: இரு பக்கமும் 450 கிராம் வைத்து, ஒரு பக்கம் மட்டும் பையில் அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். லேசாகத் தட்டிவிட்டால் நிற்காமலும் வேகமெடுக்காமலும் ஒரே சீராகப் போகும் நிலை சுமார் 30 கிராமில் வந்தது. அதாவது 100 கிராம் வித்தியாசத்தில் 30 கிராமை உராய்வே எடுத்துக்கொள்கிறது. மீதி 70 கிராம்: 0.07 × 9.8 ÷ 1.0 = 0.69.

கணக்கும் வீடியோவும் ஒத்துப்போனபோது மொட்டைமாடியில் தனியாக நின்று கத்தினேன், கீழ்வீட்டு அக்கா என்னவோ ஏதோ என்று ஏறி வந்துவிட்டார். வகுப்பில் நாங்கள் கப்பியின் நிறையைப் பற்றித்தான் பேசுவோம். வீட்டில் பெரிய திருடன் உராய்வு.

நீங்கள் செய்யும்போது உங்கள் எண்கள் வேறாக இருக்கும். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் எல்லாவற்றையும் விட்டு ஒரு விடை, அப்புறம் ஒரே ஒரு அனுமானத்தை மட்டும் திரும்பக் கொண்டுவந்து இன்னொரு விடை. இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது தின்றது என்று தெரியாமல் போய்விடும்.

8. தேர்வறையில்

எங்கள் தாள் 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். 13 மதிப்பெண் வினாவுக்கு 23 நிமிடம் கிடைக்கிறது. அதில் முதல் மூன்று நிமிடம் அடிக்கோட்டுக்கும், பொருளின் மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறிகளாக வரையும் விசைப் படத்துக்கும் கொடுங்கள், தயங்க வேண்டாம்.

ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் முன் காரணத்தை அரை வரியில் எழுதுங்கள்: ‘கயிறு நீளாதது, ஆகவே முடுக்கம் சமம்.’ கடைசி எண் தப்பினாலும் இந்த வரிக்கு மதிப்பெண் கிடைக்க வாய்ப்புண்டு.

‘இரண்டு அனுமானங்களைக் கூறு’ என்று கேட்டால், வினாவிலேயே ‘நிறையற்ற கயிறு’ என்று கொடுத்திருக்கும்போது அதையே திருப்பி எழுதாதீர்கள். வினா சொல்லாமல் விட்டதை எழுதுங்கள்: காற்றுத்தடை இல்லை, பெட்டி ஒரு துகள், கப்பியில் கயிறு வழுக்கவில்லை. ‘இந்த அனுமானம் விடையை எப்படிப் பாதிக்கும்’ என்று கேட்டால் ‘விடை துல்லியமாக இருக்காது’ என்பது பதிலே அல்ல. கூடுமா, குறையுமா என்று சொல்ல வேண்டும்.

ஏற்கெனவே அரியர் வைத்திருப்பவர்கள் விடைத்தாள் நகலுக்கு உடனே விண்ணப்பியுங்கள். ரிசல்ட் வந்தபின் சில நாள்தான் ஜன்னல் திறந்திருக்கும், ஹால் டிக்கெட் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நகல் வந்ததும் முதலில் கேள்விக்குறிகளைப் படியுங்கள். நான் படிக்காமல் கோபத்தில் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டிவிட்டேன். ஒரு மதிப்பெண்கூட ஏறவில்லை, மூன்று இடத்திலும் தப்பு என்னுடையதுதான். அந்தப் பணத்துக்குத் தராசு, கப்பி, நூல் எல்லாம் வாங்கி மீதியில் டீயும் குடித்திருக்கலாம்.